சின்னவள் போட்ட கெஸ்ட் அக்கவுண்ட்

வயிற்றெரிச்சலுக்குக் கடையில் மருந்து விற்பதில்லை. விற்றிருந்தால் பெரியவள் எப்போதோ வாங்கிக் குடித்திருப்பாள். எரிகிறது என்று அவளுக்கே தெரியும். என்றைக்குப் பற்றியது என்பதும் தெரியும். கொழுந்தன் கல்யாணம் முடிந்து புதுப்பெண் வீட்டுக்குள் வந்த சாயங்காலம், அந்தப் பெண் சமையலறை அலமாரிக் கதவு தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நாலு திருகு திருகினாள். பல வருஷமாக மூடாத கதவு மூடிக்கொண்டது. மாமியார் வாயைப் பிளந்து, "பெரியவளே, பாத்தியா?" என்றாள். பெரியவள் பார்த்தாள். அன்றைக்குப் பற்றியதுதான்.

மாமியாருக்கு மருமகள்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது. மூத்தவள் பெரியவள், இளையவள் சின்னவள், அவ்வளவுதான். பெரியவள் பொது நூலகத்தின் மாடியில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவள். சின்னவள் அதே நூலகத்தின் தலைமை அலுவலகத்தில் டெக்னீஷியன். இரண்டு பேருக்கும் சம்பளம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. ஆனாலும் வீட்டில் 'ஆபீஸ் வேலை' என்றால் அது சின்னவளுடையது. பெரியவள் செய்வதற்கு 'லைப்ரரிக்குப் போயிட்டு வர்றது' என்று பெயர்.

அந்த அறையில் பத்து கம்ப்யூட்டர்கள் இருந்தன. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். எல்லாவற்றுக்கும் ஒரே அக்கவுண்ட், கதவில்லாத வீடு மாதிரி. வருகிறவர்கள் வந்த வேலையை முடித்துக்கொண்டு அப்படியே எழுந்து போவார்கள். மெயில் திறந்து கிடக்கும். யாரோ ஒருவரின் கல்யாணப் போட்டோவும் இன்னொருவரின் எக்ஸ்ரே படமும் டெஸ்க்டாப்பில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஒருவர் திரையில் புலிப் படத்தை வைத்துவிட்டுப் போனால், அடுத்தவர் புலியை எடுத்துவிட்டுத் தன் பேரனை வைப்பார். சாயங்காலம் பூட்டுவதற்கு முன் பெரியவள் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து, மெயில்களை மூடி, வேண்டாததை அழித்து, வேண்டியதை ஆளுக்கொரு ஃபோல்டரில் எடுத்து வைப்பாள். மறுநாள் "அக்கா, என் ஃபைல் இருக்கா?" என்று பதறிக்கொண்டு வருகிறவர்களிடம், "இருக்கு, எங்க போகும்?" என்பாள். அதைச் சொல்லும்போது அவளுடைய முதுகு தானாக நிமிரும்.

இதனால் ஊரில் பாதிப் பேருடைய உள்விவகாரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்த டெய்லர் யாருக்குக் கவிதை எழுதுகிறார், எந்த வாத்தியார் பல் கட்டலாமா வேண்டாமா என்று மாசக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கிறார், எந்தக் கல்யாணம் நின்றது, ஏன் நின்றது, எல்லாம் தெரியும். ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. மாமியாரிடம்கூட விட்டதில்லை. அவல் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டே வெறும் வாயை மென்றவள் அவள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

வாராவாரம் வரும் ஒருவருக்கு அவள் மனசுக்குள் 'ராஜினாமா சார்' என்று பெயர் வைத்திருந்தாள். ஏதோ ஒரு கிடங்கில் வேலை அவருக்கு. வந்து உட்கார்ந்ததும் தன் மேனேஜருக்கு ராஜினாமாக் கடிதம் டைப் செய்வார். போன வாரம் திட்டிய இடத்திலிருந்து மேலே திட்டுவார். இதுவரை அனுப்பியதில்லை. அந்தக் கோபத்தையும் கெடாமல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள் பெரியவள்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, தலைமை நூலகர் ஒருநாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுகிற அம்மாள் அவர்.

"உங்க வீட்டுப் பொண்ணு ஒரு நல்ல ஏற்பாடு கொண்டுவர்றாங்க. எல்லாக் கம்ப்யூட்டர்லயும் கெஸ்ட் அக்கவுண்ட். வர்றவங்க அது வழியாத்தான் உள்ள போகணும். எதையும் மாத்த முடியாது, எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது. முடிச்சுட்டு லாக் அவுட் பண்ணா அவங்க விட்டுட்டுப் போனதெல்லாம் தானா அழிஞ்சிடும். அடுத்தவங்க வந்தா எல்லாம் புதுசு."

"நல்லதுதான் மேடம்."

"ஒருநாள் ஓட்டிப் பாப்போம். ஒழுங்கா ஓடிடுச்சுன்னா அந்த ரூமுக்கு ஆளே தேவையில்ல. நீங்க கீழ பை வாங்கி வைக்கிற இடத்துல உக்காந்துக்கலாம். பையை வாங்கினா டோக்கன், டோக்கனைக் குடுத்தா பை. பாரமே இல்லாத வேலை."

நாளெல்லாம் அடுத்தவர் பையைத் தூக்கித் தூக்கி வைப்பதைப் பாரமில்லாத வேலை என்று சொல்ல, பையே தூக்காதவரால்தான் முடியும். பெரியவள் தலையாட்டிவிட்டு மாடிப்படியில் பாதி ஏறி, அங்கேயே நின்றாள். தன் நாற்காலியைப் பிடுங்க எத்தனையோ பேர் வந்திருக்கலாம். எந்த ஊரிலிருந்தோ முகம் தெரியாத ஒரு ஆள் வந்திருந்தால், நாலு திட்டு திட்டிவிட்டுப் பையை வாங்கி வைக்கப் போயிருப்பாள். போயும் போயும் இவளா வர வேண்டும்?

அன்று சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் அதே பேச்சு. மாமியாருக்குக் கெஸ்ட் அக்கவுண்ட் என்றால் என்னவென்று இம்மியும் தெரியாது. அதனால் சின்னவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை.

"கெஸ்ட்டுன்னா விருந்தாளிதானே? விருந்தாளி போனதும் வீடு தானாப் பெருக்கிக்குமாம்! இந்த மூளை யாருக்கு வரும்?" என்றாள்.

பெரியவளின் புருஷனாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நம்ம வீட்லயும் அப்படி ஒண்ணு போட்டா நல்லா இருக்கும்," என்று சிரித்தான். வீட்டைத் தினமும் பெருக்குகிறவள் யார் என்பது அந்தச் சிரிப்பில் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. பெரியவளுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"முதல்ல அக்கா ரூம்லதான் போடப் போறேன் அத்தை. அக்கா பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியம்," என்றாள் சின்னவள்.

இந்தப் பேச்சில் ஒரு குற்றம் கண்டுபிடிக்கப் பெரியவள் சாப்பாடு முடியும்வரை முயன்றாள். கிடைக்கவில்லை. அதுதான் சின்னவளிடம் பெரிய தொல்லை. திட்டுவதற்கு ஒரு கைப்பிடியாவது வைத்திருக்க வேண்டாமா ஒருத்தி?

கெஸ்ட் அக்கவுண்ட் போடச் சின்னவள் வந்த நாளில் நூலகத்துக்கு விடுமுறை. இரண்டு பேர் மட்டும் அறையில். சின்னவள் தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் திறந்து, அட்மினுக்கு ஒரு புதுப் பாஸ்வேர்டும் விருந்தாளிக்குப் பாஸ்வேர்டே இல்லாத ஒரு வாசலும் போட்டாள். விருந்தாளி கையில் படக் கூடாததையெல்லாம் மறைத்தாள். பெரியவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சம்பந்தி வீட்டில் குறை பார்க்க வந்தவள் மாதிரி கேள்வி கேட்டாள்.

"யாராவது வைரஸோட பென் டிரைவ் கொண்டுவந்து சொருகினா?"

"கெஸ்ட்ல எதையும் ஓட்ட முடியாதுக்கா. ஃபைலைத் திறக்கலாம், அவ்வளவுதான்."

"பாவம், யாராவது மணிக்கணக்கா டைப் பண்ணிட்டு, இருக்கும்னு நெனச்சுப் போயிட்டா?"

"உள்ள நுழையும்போதே எச்சரிக்கை வரும். பென் டிரைவ்ல எடுத்துக்கங்க, இல்லேன்னா மெயில்ல அனுப்பிக்கங்கன்னு."

"நான் எடுத்து வெச்சிருக்கற ஃபோல்டர் எல்லாம்?"

"அதை நான் தொடவே இல்ல. அட்மின் பக்கம் பத்திரமா இருக்கு. பாஸ்வேர்டு உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

பந்து போட்ட இடமெல்லாம் மட்டை நின்றது. கடைசியில் சின்னவள் தானே விருந்தாளியாக நடித்துக் காட்டினாள். உள்ளே போனாள், ஏதோ டைப் செய்தாள், படத்தை மாற்றப் பார்த்தாள், முடியவில்லை. லாக் அவுட் செய்தாள். மறுபடி உள்ளே போனால் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. பத்து கம்ப்யூட்டரிலும் அதே மாதிரி செய்தாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த விருந்தாளிக்கு எழுந்திருக்கும் வரைதான் மரியாதை.

எழுந்திருக்கும் வரை. அந்த இடத்தில் பெரியவளுக்குப் பொறி தட்டியது.

சின்னவள் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக லாக் அவுட் செய்துவிட்டு எழுந்தாள். அவள் வேலை செய்யும் ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் எழுந்திருப்பார்கள் போலும். இங்கே வருகிறவர்களில் ஒருத்தரும் அப்படி எழுந்ததில்லை. போன் அடித்தால் எழுந்து போவார்கள், பஸ் வந்தால் எழுந்து போவார்கள், கோபம் வந்தால் மவுஸைத் தட்டிவிட்டு எழுந்து போவார்கள். லாக் அவுட் செய்யாவிட்டால் எதுவும் அழியாது. அடுத்தவர் வந்து முந்தினவருடைய மெயிலுக்குள்ளேயே உட்காருவார். 'முடிந்ததும் லாக் அவுட் செய்யவும்' என்று பெரிய எழுத்தில் சின்னவள் ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருந்தாள்தான். நூலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாவற்றையும் படிப்பார்கள், ஒட்டி வைத்ததைத் தவிர.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தாள். "இந்தா, சின்னவளே..."

சின்னவள் சிரித்த முகத்தோடு திரும்பினாள். "இனிமே நீங்க அங்கயும் இங்கயும் ஓட வேண்டாம்க்கா. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு எவ்வளவுதான் ஓடுவீங்க?"

முட்டி! இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் அப்படியொன்றும் மலையில்லை. என்னமோ கிழவியைக் கைபிடித்து ரோட்டைத் தாண்ட வைப்பவள் மாதிரி அல்லவா பேசுகிறாள்? பெரியவள் வாயை மூடிக்கொண்டாள்.

"என்னக்கா, ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு."

பார்த்துக்கொள்ளட்டும். ஓட்டிப் பார்க்கிற நாளில் யாருடைய மெயிலையாவது யாராவது படித்து, கூச்சல் எழுந்து, மேடம் படியேறி வந்து, "என்னம்மா இது?" என்று சின்னவளைப் பார்த்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்கட்டும். அறையும் கைவிட்டுப் போகாது, வயிறும் குளிரும். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பெரியவள் காரணமில்லாமல் இரண்டு தடவை சிரித்துக்கொண்டாள்.

அந்த நாள் வந்தது. சாயங்காலம் தானும் சின்னவளும் வந்து பத்தையும் பார்ப்பதாக மேடம் சொல்லியிருந்தார். அதுவரை பெரியவள் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் அதைவிடச் சுலபமான சதி கிடையாது.

முதலில் வந்தவள் ஒரு நர்ஸ், வேலை முடிந்து உடுப்போடு வந்திருந்தாள். மெயிலைத் திறந்து ஏதோ படித்தாள். படிக்கப் படிக்கக் கண் கலங்கியது. போன் அடித்ததும் கைப்பையை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். மெயில் அப்படியே திறந்து கிடந்தது. அடுத்து உள்ளே வந்தவர் வீட்டுப் புரோக்கர். ஊருக்கே ஒலிபெருக்கி அவர் வாய்தான். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

விழுந்தது பழம், என்று நினைத்தாள் பெரியவள். தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். புரோக்கர் திரையைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார், கழுத்தை நீட்டினார். உதடு அசைய ஆரம்பித்தது. ஒவ்வொரு எழுத்தாக அவர் படிப்பது இங்கிருந்தே தெரிந்தது. பெரியவளுக்கு உள்ளே ஏதோ கூசியது. அந்தப் பெண்ணின் கண்ணீர் இன்னும் விசைப்பலகையில்கூடக் காய்ந்திருக்காது. இத்தனை வருஷம் ஒருவருடைய ஒரு வரியைக்கூட வெளியே விடாதவள், இன்றைக்குத் தன் கண்ணெதிரே ஒருத்தியை ஊர் வாயில் போட்டு மெல்ல விடுகிறாளே.

எழுந்து போய்விட்டாள். கால் தானாகப் போயிற்று. "கொஞ்சம் நகருங்க சார்," என்று சொல்லி மவுஸை வாங்கி லாக் அவுட் செய்தாள்.

"இருங்கம்மா, இப்பதானே..."

"அது உங்க வீட்டு மெயில் இல்ல."

ஒன்றைச் செய்த கை அடுத்ததைச் செய்யாமல் இருக்குமா? அன்றைக்குப் பகல் முழுக்க அதே வேலைதான். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருவதற்குள் ஓடினாள், மூடினாள். ஓடும்போதெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதென்றால் இதுதான். சின்னவள் போட்ட ஓட்டையை இவள் முட்டி தேய அடைத்துக்கொண்டிருந்தாள். இப்படியே போனால் சாயங்காலம் எல்லாம் பளிச்சென்று இருக்கும். புகழ் அவளுக்கு, டோக்கன் இவளுக்கு.

ராஜினாமா சாரும் வந்தார். டெஸ்க்டாப்பில் கடிதத்தைத் தேடிவிட்டு முகம் வெளிறிப் போனார். இனி இங்கே எதுவும் தங்காது என்று பெரியவள் விளக்கி, பழையதை வேண்டுமானால் அட்மின் பக்கத்திலிருந்து எடுத்துத் தருவதாகச் சொன்னாள். "வேணாம்மா, புதுசாவே எழுதறேன்," என்று உட்கார்ந்தார். வெள்ளைத் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்லேர்ந்து எழுதணும்னா கோபமே வரமாட்டேங்குதும்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவரும் லாக் அவுட் செய்யவில்லை.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் வடிந்தது. பெரியவள் மூலையிலிருந்த கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தாள். ஆள் ஓடி அடைக்க முடியாத ஒரு குறையாவது இதில் இருக்க வேண்டும். விருந்தாளியாக உள்ளே போய், 'கெஸ்ட் அக்கவுண்ட் குறைகள்' என்று தேடினாள். பிறகு 'கெஸ்ட் அக்கவுண்டை மீறுவது எப்படி' என்று தேடினாள். வந்ததெல்லாம் அவளுக்குப் புரியவில்லை, புரிந்ததெல்லாம் சின்னவள் ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தாள்.

கை சும்மா இருக்கவில்லை. 'ஓரகத்தி' என்று அடித்தாள். புருஷனின் தம்பி மனைவியைப் பற்றி உலகத்தில் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை. மீதியை அதுவாகவே முடித்துக் கொடுத்தது: 'ஓரகத்தி தொல்லை நீங்க.' அடடே, தன்னை மாதிரி எத்தனை பேர்! கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அதை அழித்துவிட்டு, யாரும் இல்லை என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மனசில் இருந்ததை அப்படியே அடித்தாள்: 'ஓரகத்தியை விட நான் எதில் குறைச்சல்.'

அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டருக்குப் பதில் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதா? கேட்க வேறு ஆளில்லை. புருஷனிடம் கேட்டால் சிரிப்பான். மாமியாரிடம் கேட்டால் பதிலே சொல்லிவிடுவாள்.

"ஏம்மா, பேப்பர் மாட்டிக்கிச்சு!" என்று பிரிண்டர் பக்கத்திலிருந்து புரோக்கர் கத்தினார். வாடகை வீட்டு விளம்பரம் எடுக்க மறுபடியும் வந்திருந்தார். பெரியவள் எழுந்து ஓடினாள். கூப்பிட்டால் எல்லோரும் எழுந்து போகிற மாதிரி, அப்படியே எழுந்து போனாள்.

பிரிண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டுக் கசங்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தபோது மேடமும் சின்னவளும் உள்ளே வந்தார்கள். சாயங்காலம் என்று சொன்னவர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். வாசல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தது. மேடம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சின்னவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. பெரியவள் கை முழுக்க மையோடு, அந்த முகத்தைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தாள். மூலை அவளுக்கு ஞாபகம் வந்தபோது சின்னவள் அதன் முன்னால் குனிந்திருந்தாள்.

 பெரியவள் நின்ற இடத்திலிருந்து திரை தெரியவில்லை, சின்னவளின் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு அசையவில்லை. ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. இரண்டாம் தடவை படிக்கிறாள், மூன்றாம் தடவை படிக்கிறாள்.

"அதுல என்ன?" என்று கேட்டுக்கொண்டே மேடம் நாலு நாற்காலி தள்ளி வந்துகொண்டிருந்தார்.

சின்னவள் திரும்பி, திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். கையை மட்டும் பின்னால் விட்டு, பார்க்காமலேயே மவுஸை நகர்த்தத் தெரியாமல் திணறி, பிறகு பாதி திரும்பி ஒரு தட்டுத் தட்டினாள். எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று அது கேட்டிருக்கும். இன்னொரு தட்டு.

"ஒண்ணுமில்ல மேடம். லாக் அவுட் பண்ணாம எழுந்து போயிருக்காங்க."

"அப்படியா? மத்தவங்க எல்லாம் பண்ணிட்டுத்தானே போயிருக்காங்க?"

"யாரு பண்ணாங்க?" என்று குறுக்கே புகுந்தார் புரோக்கர். "காலையிலேர்ந்து இந்தம்மாதான் ஆள் ஆளுக்குப் பின்னாடி ஓடி ஓடி மூடறாங்க. என்னை ஒரு மெயிலைக்கூட முழுசாப் படிக்க விடல."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. விளம்பரத்தை எடுத்துக்கொண்டு நழுவினார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சின்னவளைப் பார்த்தார். "என்னம்மா இது?"

எந்தக் கேள்விக்காகப் பெரியவள் இத்தனை நாள் காத்திருந்தாளோ அந்தக் கேள்வி. சின்னவள் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் இப்போது வாயைத் திறந்து, மூலையில் தான் படித்ததைச் சொன்னாலும் ஏனென்று கேட்கப் பெரியவளுக்கு வாயில்லை. பெரியவள் மையை முந்தானையில் துடைத்து, முந்தானையையும் பாழாக்கினாள்.

"என் தப்புதான் மேடம்," என்றாள் சின்னவள். "பத்துலயும் டெஸ்ட் பண்ணேன். ஒவ்வொரு தடவையும் நானே ஒழுங்கா வெளிய வந்துட்டேன். அப்படியே எழுந்து போறவங்களை நெனச்சே பாக்கல. அக்காதான் கண்டுபிடிச்சாங்க. நமக்குக் காட்டணும்னுதான் இதை மட்டும் திறந்தே விட்டு வெச்சிருக்காங்க."

மேடம் பெரியவளைத் திரும்பிப் பார்த்தார். இப்படி ஒரு மனுஷி இந்த மாடியில் இருக்கிறாள் என்று அன்றுதான் பார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

"இதுக்கு என்ன வழி?"

"கொஞ்ச நேரம் யாரும் தொடலேன்னா 'இருக்கீங்களா'ன்னு கேட்டுட்டுத் தானா மூடிக்கற மாதிரி போட்டுடறேன். ஆனா ஒருத்தர் எழுந்த உடனே அடுத்தவர் உக்காந்துட்டா அதால கண்டுபிடிக்க முடியாது மேடம். அதுக்குக் கண்ணு இருக்கற ஆள்தான் வேணும்."

"அப்ப இவங்க இங்கயே இருக்கட்டும்," என்றார் மேடம். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். நிறுத்தத்துக்கு நடந்தார்கள். சின்னவளின் கண் ஓரம் சிவந்திருந்ததைப் பெரியவள் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

"அன்னைக்கே தெரியுமாக்கா உங்களுக்கு? ஏதோ சொல்ல வந்தீங்க."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"முட்டின்னு சொன்னியே."

சின்னவள் நின்றுவிட்டாள். "அதுக்கா?"

"அதுக்குத்தான்." சொல்லும்போது தனக்கே கேவலமாக இருந்தது பெரியவளுக்கு. ஆனால் உண்மை அதுதான், வேறு பெரிய காரணம் கைவசம் இல்லை.

நிறுத்தத்தில் இன்னும் பஸ் வரவில்லை. சின்னவள் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஓரகத்தின்னு அடிச்சாலே 'தொல்லை நீங்க'ன்னு அதுவே முடிச்சுக் குடுக்குதில்லக்கா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நானும் ஒருதடவை தேடியிருக்கேன்."

"நீயா? என்னைப் பத்தியா? என்னத்தைத் தேடின?"

"அதைச் சொல்லமாட்டேன். நான் லாக் அவுட் பண்ணிட்டுத்தான் எழுந்தேன்."

பெரியவள் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. சின்னவளும் சிரித்தாள், ஆனால் முழுசாக இல்லை. அவளுக்கும் எங்கேயோ பட்டிருந்தது. அது சீக்கிரம் ஆறாது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் மாமியார் ஆவலாகக் கேட்டாள். "என்ன சின்னவளே, போன காரியம் என்னாச்சு?"

"என் வேலையில ஒரு பெரிய ஓட்டை அத்தை. அக்கா மட்டும் இல்லேன்னா மானம் போயிருக்கும். மேடமே சொல்லிட்டாங்க, அக்கா அந்த ரூமை விட்டு எங்கயும் போகக் கூடாதுன்னு."

சொல்லிவிட்டுச் சின்னவள் தண்ணீர்ச் சொம்பை எடுத்து எல்லோருக்கும் ஊற்றினாள். பெரியவளுக்கு ஊற்றும்போது முகத்தைப் பார்க்கவில்லை. புருஷன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பெண்டாட்டியை ஒரு மாதிரியாகப் பார்த்தான், கொஞ்சம் பயந்த மாதிரிகூட. மாமியார் மூத்த மருமகளின் தட்டில் தன் கையால் இன்னொரு கரண்டி வைத்தாள்.

"பின்ன? என்ன இருந்தாலும் பெரியவ பெரியவதான்."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பெரியவள் காத்திருந்த வார்த்தை அது. நாற்காலியும் கிடைத்தது, பேரும் கிடைத்தது, இரண்டையும் வாங்கிக் கொடுத்தவள் எதிரே உட்கார்ந்து தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாமாக இருந்தால் அந்த மூலையில் அந்த வரியைப் படித்துவிட்டு மூடியிருப்போமா என்று பெரியவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். மாட்டாள். மேடத்தைக் கைதட்டிக் கூப்பிட்டிருப்பாள். இத்தனை நாள் சின்னவளின் மூளையைப் பார்த்து வயிறெரிந்தது சுத்த வீண். மூளையெல்லாம் ஒரு விஷயமா? அந்த மனசைப் பார்த்தல்லவா எரிந்திருக்க வேண்டும்? மறுபடியும் எரிந்தது, இந்தத் தடவை நியாயமாகவே எரிந்தது.